ஒரே அரங்கில் மரித்தவர்களும் நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரும்



நம் சேகரத்தைச் சேர்ந்த கரிசல் கிராமம் ஒன்றில் அண்மையில் ஓர் அடக்க ஆராதனை நடத்தினேன். அங்கே ஆலயம் ஒன்று, நற்கருணைப் பாத்திரமும் ஒன்று. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். மரித்த சகோதரியை எப்பக்கம் அடக்கம்பண்ணுவது என்பதை அவருடைய விசுவாசம் தீர்மானிக்கவில்லை; பிறப்பு தீர்மானித்தது. காரணம் கேட்டேன். "ஊர் வழக்கம் ஐயா" என்றார் ஒரு பெரியவர். மறுமொழி கூறாமல் திரும்பினேன். அந்த மௌனத்துக்காக வெட்கப்பட்டே இந்த லெந்து நாட்களில் இதை எழுதுகிறேன்.

கி.பி. 203-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர அரங்கில் பெர்பேத்துவாவும் பெலிசித்தாவும் இரத்தசாட்சிகளாக மரித்தனர். பெர்பேத்துவா ஏறத்தாழ 22 வயதுடைய உயர்குடிப் பெண், கைக்குழந்தையின் தாய். பெலிசித்தாவோ அடிமைப் பெண். சிறையிலேயே பெண்மகவை ஈன்றவர். அரங்கில் வெறிகொண்ட பசு இருவரையும் முட்டி வீழ்த்தியது. முதலில் எழுந்த பெர்பேத்துவா, நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவைக் கண்டு, அருகில் சென்று கைகொடுத்துத் தூக்கினார். இருவரும் சேர்ந்து நின்றனர். வாளுக்கு இரையாகுமுன் விசுவாசிகள் ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தால் வாழ்த்தினர். உரோமச் சட்டத்தின்படி அடிமை ஓர் உடைமை. அந்தச் சட்டம் அரங்கின் மணலில் தோற்றுப்போயிற்று. இன்றளவும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் கத்தோலிக்கச் சபையும் அவ்விருவரையும் பிரிக்காமல் ஒரே நாளில் நினைவுகூருகின்றன.

"வழக்கத்தை மாற்றினால் சபையின் சமாதானம் கெடும்" என்பர் சிலர். பெர்பேத்துவாவுக்கும் இத்தகைய ஆலோசனையே கூறப்பட்டது. பேரரசரின் நலனுக்காக ஒரு பலி செலுத்தினால் போதும் என்றான் அதிகாரி இலாரியானுஸ். குழந்தையை ஏந்தியபடி தகப்பனார் கெஞ்சினார். கேட்கப்பட்டது சிறியதோர் இணக்கம். அவர் மறுத்தார். உயிர்போகும் வேளையிலும் அவர் செய்ய மறுத்த சமரசத்தை, ஒருவரும் வாளை ஓங்காதபோதே நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

"சாதி வெறும் சமுதாய அடையாளம், விசுவாசத்தைத் தொடாது" என்பர் வேறு சிலர். தொடாதெனில், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு நாம் விதைக்கும் நிலத்துக்குள் அதை அழைத்து வந்தது யார்? கடைசி எக்காளம் தொனிக்கும்போது சுவரின் எப்பக்கத்தார் முதலில் எழுவது என்றும் தீர்மானம் நிறைவேற்றுவோமா? கலாத்தியர் 3:28-ஐ நம் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். அந்த வசனத்தைப் பொய்யாக்கும் சுவருக்கு நாம் சுண்ணாம்பு பூசுகிறோம்.

இது ஒரு சபையாரின் பாவம் மட்டுமன்று. தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகிய அந்த இரத்தசாட்சி ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, ஒரு நூற்றாண்டுக்குப் பின், மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்தும் ஆலயம் எழுந்தது. 1910-இல்தான் அதன் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. நம் முன்னோரும் மேலானவர்கள் அல்லர். சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்கும்படி 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை.

பிரியமானவர்களே, இரத்தசாட்சிகளின் கதையைக் கேட்டுக் கண்ணீர் சிந்துவது எளிது. நம்மிடம் இப்போது கேட்கப்படுவது உயிரன்று. ஒரு சுவர் மாத்திரமே. அடுத்த சேகரக் கமிட்டியில் அதை அகற்றும் தீர்மானத்தை நானே முன்வைப்பேன். இனி மரிப்பவர் எவராயினும் வரிசைப்படியே குழி தோண்டப்படட்டும். காணிக்கையை நிறுத்துவோம் என்பாரும் இருப்பர், நிறுத்தட்டும். நம் கரிசல் கோடையில் வெடித்துப் பிளந்தாலும், ஒரு மழை பெய்தால் பிளவுகள் மூடிக்கொள்கின்றன. மண்ணுக்குக் கூடுவது மனந்திரும்பிய சபைக்குக் கூடாதோ?

கர்த்தாவே, கல்லறைத் தோட்டத்தில் நான் காத்த மௌனத்தை மன்னியும். விழுந்து கிடக்கும் சகோதரிக்குக் கைகொடுக்கும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.