கொதிக்க வைத்தாலும் போகாத உப்பு!

‘தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம், அப்புறம் என்ன பயம்?’ போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கிருமிகளைப் பொறுத்தவரை சரிதான். ஆனால், ஃப்ளூரைடு என்ற உப்புக்கு இந்த வைத்தியம் செல்லாது. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

ஃப்ளூரைடு என்றதும் டூத் பேஸ்ட் விளம்பரம் ஞாபகம் வருகிறதா? அதேதான். அளவோடு இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மீறினால் பல்லில் கறை, மூட்டில் வலி என்று வேலையைக் காட்டும். அப்படியானால் விழுங்கிய ஃப்ளூரைடு எங்கே போகிறது? எப்போது வெளியே வருகிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு...

தண்ணீரில் கரைந்த ஃப்ளூரைடு வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தோடு சேர்கிறது. அந்த வடிவத்தில் வயிற்றின் சுவரை எளிதாகக் கடந்துவிடும். மீதி சிறுகுடலில் உறிஞ்சப்படும். ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். பால் போன்ற கால்சியம் உள்ள உணவோடு சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும்.

பாதி வெளியே, மீதி எலும்பில்!

ரத்தத்தில் கலந்த ஃப்ளூரைடை வெளியேற்றும் முக்கியப் பொறுப்பு சிறுநீரகத்துக்கு. ஆரோக்கியமான பெரியவர்களின் உடம்பில், உறிஞ்சப்பட்டதில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் போய்விடும். மீதி எலும்பில் குடியேறும். நம் உடம்பில் உள்ள ஃப்ளூரைடில் சுமார் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. வளரும் எலும்பு ஃப்ளூரைடை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெளியேறுவது குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

எலும்பில் சேர்ந்தது திரும்பி வராதா? வரும், மிக மெதுவாக. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதற்குப் பல வருடங்கள் ஆகும். ‘டீடாக்ஸ்’ ஜூஸ் குடித்து ஒரே வாரத்தில் கழுவிவிட முடியாது. சுமார் 8 வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் விழுந்த கறையோ தானாக மறையாது.

நம்ம ஊர்க் கதை

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் இந்தப் பாதிப்பு இருப்பது 1937-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து கரையும் ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் அதிகம். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஃப்ளூரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை தினம் 2 லிட்டர் குடித்தால், 6 மில்லிகிராம் உள்ளே போகிறது. பாதி வெளியேறினாலும், மீதி தினம் தினம் எலும்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். நாக்கில் ருசி தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறீர்களா? ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

* அளவு அதிகமென்றால் ஆர்.ஓ. ஃபில்டர் உதவும். மெழுகுவத்தி ஃபில்டரும், யூ.வி. மட்டும் உள்ள ஃபில்டரும் ஃப்ளூரைடை நீக்காது.

* குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தால் போதும். அதே போர்வெல் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம்.

* 3 வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு போதும். 1,000 பிபிஎம் பேஸ்ட்டில் ஒரு கிராமை விழுங்கினால் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ளே போகும். அதனால், துப்பப் பழக்குங்கள். ஒரே நேரத்தில் நிறைய விழுங்கிவிட்டால், பால் கொடுத்து உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உள்ளே போனதை வெளியேற்ற உடம்புக்கு வருடங்கள் ஆகும். உள்ளே போகாமல் தடுக்க ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பரிசோதனையும் போதும். குட்டிப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், இந்த வாரமே பார்த்துவிடுங்களேன்!