கேள்வியைத் தயாரிப்பது யார்?

சட்டமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கலாம், மக்களை வாங்க முடியாது; ஆகவே ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் வாக்குக்கு விட்டால் பணத்தின் பாச்சா பலிக்காது என்று பலர் நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவைப் பார்த்த பிறகும் இப்படி நம்புவதுதான் வேதனை. சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பிடியிலிருந்து அரசியலை மீட்க, ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், 1911இல் அங்கே வந்த முறை இது. இன்று கம்பெனிகள் உள்ளே நுழைவதே இந்த வழியாகத்தான்.

ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தச் சொன்னது மாநிலச் சட்டம். அதிலிருந்து தப்பிக்க ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய நிறுவனங்கள் 2020இல் முன்மொழிவு 22ஐ மக்கள் வாக்குக்குக் கொண்டுவந்து, 20 கோடி டாலருக்கும் மேல் கொட்டின. எதிர்த்த தொழிற்சங்கங்களால் திரட்ட முடிந்தது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. 58 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி முன்மொழிவு ஜெயித்தது. சட்டமன்றம் இதைத் திருத்த எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அத்தனை பெரும்பான்மை எந்தக் காலத்தில் கிடைக்கும்?

2022இல் முன்மொழிவு 27 படுதோல்வி அடைந்ததே, பணம் என்ன செய்தது என்று கேட்பார்கள். இணையவழி விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கோரியது அது. எதிர்த்து நின்றவர்கள் ஏழைகளா? காசினோ நடத்தும் பழங்குடி அரசுகள் கோடி கோடியாகச் செலவிட்டன. பணத்தைத் தோற்கடித்ததும் பணம்தான். ஆதரவுக் குழுவின் பெயரில் பந்தயம் என்ற பேச்சே கிடையாது. வீடற்றோர் பிரச்சினைக்கும் மனநல உதவிக்கும் தீர்வு தேடும் கலிஃபோர்னியர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் போட்டவை ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற பந்தய நிறுவனங்கள்.

வாக்குச்சீட்டில் இடம்பிடிக்கவே லட்சக்கணக்கான கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கடை வாசல்களில் ஆள் நிறுத்துகிறார்கள். அந்தக் கூலிக்கு வழியில்லாதவர்களின் குறை பெரும்பாலும் வாக்குச்சீட்டுவரை வருவதில்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம், முன்மொழிவுகளை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அமையும் குழுக்களுக்கான நன்கொடைக்கு 250 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்மொழிவில் வேட்பாளர் இல்லை, எனவே கைம்மாறுக்கும் ஊழலுக்கும் இடமில்லை என்பது வாதம். சட்டத்தையே தனக்கு வேண்டியபடி எழுதிக்கொள்ள முடிந்தவருக்குக் கைம்மாறு எதற்கு? பெர்க்லி செய்தது நியாயம். மாற வேண்டியது அந்தத் தீர்ப்பு.