துருவை வாங்கிப் பூசுகிறவர்கள்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை, ஒரு குட்டித் திரை, விசைப்பலகை, பேட்டரி. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் கையில் தூக்கிக்கொண்டு போகும் கணினி ரெடி. பெயர் சைபர்டெக், 1984-இல் வில்லியம் கிப்சன் எழுதிய ‘நியூரோமான்சர்’ நாவல் கொடுத்த பெயர். சொந்தமாகக் கணினி கட்டுகிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்து நடப்பதுதான் எரிச்சல். முப்பரிமாண அச்சில் எடுத்த புத்தம்புதுப் பெட்டிக்கு முதலில் வெள்ளிப் பூச்சு. அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே, கொஞ்சம் கல்லுப்பு, கடைசியாகப் பச்சைச் சாயம். காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் உப்பு இருந்த இடமெல்லாம் உரிந்து, முப்பது வருசம் அடிபட்ட இரும்பு மாதிரி தெரியும். ஓரத்தில் பழுப்பு தடவினால் துரு.

கெடாவில் இருந்துகொண்டு இதைச் செய்ய எப்படி மனசு வருது? லயத்து வீட்டில் உடைந்த ரேடியோவை நூலால் கட்டி, கம்பியால் முறுக்கிப் பாடவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். விருந்தாளி வந்தால் அந்த ரேடியோமேல் துணி போட்டு மூடுவார்கள். அவர்கள் கூச்சப்பட்டு மறைத்த தழும்பு நமக்கு அலங்காரமா?

“அழகுக்குத்தானே ப்ரோ, விடுங்க” என்பார்கள். விடமுடியாது. கூலிம் ஹைடெக் பார்க் 1996-இல் திறக்கப்பட்டது. இன்டெல் இருக்கிறது, இன்ஃபினியன் இருக்கிறது. லூனாசிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் கைவழியே தினமும் சில்லுகள் போகின்றன. வீட்டுக்கு வந்தால் சொந்தப் போனின் பேட்டரியை மாற்ற வழியில்லை; பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நாலு ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியணும், எதையும் மாற்றணும். சைபர்டெக்கில் இருக்கும் ஒரே கலகம் இதுதான். அதை விட்டுவிட்டுத் தோலுக்குச் சாயம் அடிக்கிறோம்.

சாயத்துக்குச் செலவாகும் இரண்டு வாரத்தை உள்ளே செலவழியுங்கள். செத்த லேப்டாப்பின் திரையைக் கழற்றி, அதன் மாடல் எண்ணுக்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பலகையைத் தேடிப் பொருத்துங்கள். பழைய லித்தியம் செல்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பாருங்கள், 4.2 வோல்ட்டைத் தாண்டவிடாத பாதுகாப்புச் சுற்று இல்லாமல் சார்ஜ் போடாதீர்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, “நீ திறந்து பாரு” என்று சொல்லுங்கள்.

துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்குரூ தானாகவே பிடிக்கும்.