நதிப் பள்ளத்தாக்கு ஸ்தாபனங்கள் கற்பிக்கும் பாடம்

மேடும் பள்ளமும் கலந்த வயலில் மடையைத் திறந்துவிட்ட மாத்திரத்தில் எல்லாப் பாத்திகளிலும் நீர் சமமாகப் பாய்ந்துவிடாதென்பதைக் குடியானவர் எவரும் அறிவர். பள்ளப் பாத்தி நிரம்பி வழியும். மேட்டுப் பாத்தி வெடித்துக் கிடக்கும். ஒரு தேசத்தின் செல்வமும் இத்தன்மைத்தே. துறைமுகமும் தலைநகரமும் பெரிய ரயில் சந்திப்பும் உள்ள இடங்களில் பொருள் பெருகப் பெருக, அவற்றிற்கு அப்பாலுள்ள பிரதேசங்கள் தம் இளைஞரை அவ்விடங்களுக்கு அனுப்பிவிட்டு வறிதே நிற்கின்றன. இக்குறையை நீக்குதற்கு அரசாங்கங்கள் கையாண்ட உபாயங்களுள் ஒன்று பிரதேச அபிவிருத்தி ஸ்தாபனம். அஃது எங்கே பயன் தந்தது, எங்கே தளர்ந்தது, அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பவற்றை நம் மாணவ நண்பர்களோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சர்க்கார் இலாகாக்கள் வேலைவாரியாகப் பிரிந்திருப்பன. காட்டிற்கு ஓர் இலாகா, பாசனத்திற்கு ஓர் இலாகா, விவசாயத்திற்கு ஓர் இலாகா, சுகாதாரத்திற்கு மற்றோர் இலாகா. ஆனால் ஆற்றிற்கு இப்பிரிவினை தெரியாது. மலையில் மரம் வெட்டப்பட்டால் மண் கரைகிறது. மண் கரைந்தால் ஆறு தூர்கிறது. ஆறு தூர்ந்தால் வெள்ளம் ஊர்க்குள் புகுகிறது. வெள்ளம் வடிந்த குட்டைகளிலிருந்து கொசு கிளம்புகிறது. ஒரே துன்பத்தின் நான்கு அங்கங்களை நான்கு காரியாலயங்கள் தனித்தனியே நோக்கினால், அங்கங்களுக்குச் சிகிச்சை நடக்குமேயன்றி நோய் தீராது. ஆதலின் ஒரு பிரதேசம் முழுவதையும் ஒரே கண்ணால் நோக்கி, தனக்கென நிதியும் அதிகாரமும் பெற்று வேலை செய்யத்தக்க ஸ்தாபனம் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது.

இவ்வெண்ணம் பெரிய அளவில் முதன்முதல் உருப்பெற்றது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆகும். டென்னஸி ஆறு ஏழு ராஜ்யங்களின் நீரைத் திரட்டிக்கொண்டு பாய்வது. அதன் பள்ளத்தாக்கு அக்காலத்தில் அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றாயிருந்தது. சோளமும் பருத்தியும் இடைவிடாது பயிரிடப்பட்டமையால் நிலம் சாரமிழந்தது. மழைதோறும் மேல்மண் அரித்துச் சென்றது. சில இடங்களில் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினரை மலேரியாக் காய்ச்சல் வாட்டிற்று. நாட்டுப்புற வீடுகளில் மின்விளக்கு மிக அரிது. நெப்ராஸ்கா ராஜ்யத்துப் பிரதிநிதியாகிய செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் என்பார் தம் தொகுதிக்கு யாதொரு நேர்ப்பயனும் இல்லாதிருந்தும் பல்லாண்டுகள் இவ்வாற்றிற்காகப் போராடினார். முடிவில் 1933-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் டென்னஸிப் பள்ளத்தாக்கு அதிகார ஸ்தாபனம் தோன்றிற்று.

அதனை நடத்த மூவர் நியமிக்கப்பட்டனர். அவர்கள் வாஷிங்டன் நகரில் அமர்ந்து ஆணையிடாமல், பள்ளத்தாக்கினுள்ளேயே நாக்ஸ்வில் நகரில் காரியாலயம் அமைத்தனர். 1933-இல் தொடங்கிய நாரிஸ் அணை 1936-இல் முடிந்தது. 1945-ஆம் ஆண்டிற்குள் ஏறக்குறைய 650 மைல் நீளத்திற்கு ஆறு கப்பல் செல்லும் வழியாயிற்று. கொசுவின் குஞ்சுகள் அழியும்படி நீர்த்தேக்கங்களின் மட்டத்தைக் குறித்த காலத்தில் ஏற்றியும் இறக்கியும் வந்தனர். புதிய உரங்களைச் செய்து, குடியானவர் தம் நிலத்திலேயே சோதித்துப் பார்க்கும்படி அளித்தனர். மின்சாரத்தை ஸ்தாபனம் உற்பத்தி செய்தது. அதனை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் பொறுப்போ பெரும்பாலும் நகரசபைகளுக்கும் ஜனங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விடப்பட்டது. மிஸிஸிப்பி ராஜ்யத்து ஆல்கார்ன் ஜில்லாவில் 1934-ஆம் ஆண்டிலேயே அத்தகைய மின்சாரக் கூட்டுறவுச் சங்கமொன்று வேலை தொடங்கிற்று. அணையைக் கட்டியவர் வேறாயினும், விளக்கு எரிந்தபொழுது அது தம் சங்கத்தின் விளக்கென்று அவ்வூரார் கருதுதற்கு இடமிருந்தது.

இவற்றால் விளைந்த செல்வ வளர்ச்சி எத்தகையது? பாட்ரிக் கிளைன், என்ரிக்கோ மொரெட்டி என்னும் பொருளாதார ஆசிரியர் இருவர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகின்றது. ஸ்தாபனத்தின் உதவியால் விவசாயத்தில் பெருகிய வேலைகள், சர்க்கார் பொருளுதவி நின்றபின் நாளடைவில் மறைந்தொழிந்தன; கைத்தொழிலில் பெருகிய வேலைகளோ உதவி நின்ற பின்னரும் நெடுங்காலம் வளர்ந்து வந்தன. அன்றியும், பள்ளத்தாக்கில் தொழில்கள் ஓரிடத்தில் திரண்டதால் உண்டான ஆதாயத்திற்கு ஈடாகத் தேசத்தின் பிற பகுதிகள் இழக்க நேர்ந்தது. சாலை, மின்சாரம், நீர்வழி முதலிய நிலைத்த வேலைகளால் உண்டான உற்பத்திப் பெருக்கமே தேசம் முழுமைக்கும் மெய்யான லாபமாயிற்று என்பது அவர்தம் முடிபு. ஓரிடத்துத் தொழிற்சாலையை மற்றோரிடத்திற்கு இழுத்து வருவதையே அபிவிருத்தி என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

எனினும் இச்சித்திரத்திற்கு நிழற்பக்கமும் உண்டு. நாரிஸ் அணைக்காக மட்டும் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. நிலமுடையார் விலை பெற்றனர். பிறர் நிலத்தில் வாரத்திற்கு உழுதவர்க்கு விலை பெறுதற்கு யாதுமில்லை. அணைத் தொழிலாளருக்கென அமைத்த நாரிஸ் என்னும் அழகிய ஊரில் கறுப்பு இனத்தவர் குடியேற இடமளிக்கப்படவில்லை. பிலிப் ஸெல்ஸ்னிக் என்னும் சமூக சாஸ்திர ஆசிரியர் 1949-இல் வெளியிட்ட நூலில், ஜனங்களோடு கூடி உழைப்பதாகக் கூறிய ஸ்தாபனம் உண்மையில் செல்வாக்குள்ள விவசாயிகளின் சங்கங்களோடேயே கூடி உழைத்ததென எடுத்துக் காட்டினார்.

இந்த டென்னஸி முறையைக் கண்ட நம் தேசத்தாரும் அதனைப் பின்பற்ற விரும்பினர். 1943-ஆம் ஆண்டில் வங்காளத்துத் தாமோதர் நதி கரையுடைத்துப் பெருகி, யுத்த காலத்தில் கல்கத்தாவிற்கு வரும் ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் துண்டித்தது. அதனை விசாரிக்க நியமித்த குழுவில் பௌதிக சாஸ்திர வல்லுநர் மேக்நாத் சாஹா ஓர் அங்கத்தினராயிருந்து, டென்னஸி முறையே தக்கதென வற்புறுத்தினார். டென்னஸி ஸ்தாபனத்தினின்று வந்த வூர்துயின் என்னும் எஞ்சினியர் 1944-இல் எட்டு அணைகள் கொண்ட திட்டமொன்றை வரைந்தளித்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் தேதி தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. சுதந்தர இந்தியாவின் முதல் பெரும் நதித்திட்ட ஸ்தாபனம் அதுவே.

தில்லையா, கோனார், மைதான், பஞ்சேத் என நான்கு அணைகள் 1953-ஆம் ஆண்டு முதல் 1959-ஆம் ஆண்டு வரையில் முடிந்தன. துர்க்காபூரில் தடுப்பணையும் எழுந்தது. சுற்றிலுமுள்ள நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் தொழிற்பட்டணங்களுக்கும் மின்சாரம் சென்றது. இவை சிறு காரியங்கள் அல்ல. ஆயினும் எட்டில் நான்கோடு திட்டம் நின்றதேன்?

இங்கேதான் நாம் கருத்தைச் செலுத்த வேண்டும். இக்கார்ப்பொரேஷனுக்கு எஜமானர் மூவர்: மத்திய சர்க்கார், பீகார், மேற்கு வங்காளம். அணைகளுக்காக மூழ்கிய நிலம் பெரும்பாலும் மேல்நாடாகிய பீகாரில், அதாவது 2000-ஆம் ஆண்டு முதல் ஜார்க்கண்ட் எனப் பெயர் பெற்றுள்ள பகுதியில் இருந்தது. வெள்ளத்தினின்று காக்கப்பட்டு வாய்க்கால் நீரும் பெற்ற வயல்கள் கீழ்நாடாகிய வங்காளத்தில் இருந்தன. இழந்தவன் ஒருவன், பெற்றவன் மற்றொருவன் என்றால் இருவர்க்கும் பொதுவான ஸ்தாபனத்தின்மேல் எவனுக்கு அன்பு உண்டாகும்? நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுப்பதிலும் செலவைப் பங்கிடுவதிலும் ராஜ்யங்கள் தயங்கின. 1964-இல் தடுப்பணையும் வாய்க்கால்களும் மேற்கு வங்காளத்தின் கைக்கு மாறின. காடு, மண், பாசனம், சுகாதாரம் ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கப் பிறந்த ஸ்தாபனம், பெரும்பாலும் நிலக்கரி எரித்து மின்சாரம் விற்கும் கம்பெனியாக மாறிற்று. 1978-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கீழ்நாட்டை மீண்டும் மூழ்கடித்தபொழுது, குறைந்து நின்ற திட்டத்தின் பலத்தை யாவரும் அறிந்தனர். டென்னஸி ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயம் பள்ளத்தாக்கினுள் இருந்தது. தாமோதர் ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயமோ கல்கத்தாவில் அமைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1959-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பஞ்சேத் அணைத் திறப்பு விழாவிற்குப் பிரதம மந்திரி நேரு வந்தார். பெரியோர் பொத்தானை அழுத்தும் வழக்கத்தை விடுத்து, அங்கே வேலை செய்த சாந்தால் குலப் பெண்ணொருத்தியைக் கொண்டு அதனை அழுத்தச் செய்தார். அந்நோக்கம் உயர்ந்ததே. ஆனால் விழாவில் நேருவுக்கு மாலையிட்டமையால் அவரையே மணந்தவளென்று கூறி அவள் குலத்தார் அவளைத் தள்ளிவைத்தனர்; சில ஆண்டுகளில் அவள் வேலையும் போயிற்று. அணையால் நிலமிழந்தவருள் பலர் அக்குலத்தவரே. ஒரு பிரதேசத்து ஜனங்களுக்குப் பொத்தானை அழுத்தும் மரியாதையை ஒருநாள் அளித்துவிட்டு, அவர் நிலத்தையும் நீரையும் குறித்துத் தீர்மானிக்கும் உரிமையை ஒருநாளும் அளியாத அபிவிருத்திக்கு இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

ஜனங்களின் வேர் இல்லாத ஸ்தாபனத்தின் ஆயுளும் குறுகியதே. இதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1999-இல் எட்டுப் பிரதேச அபிவிருத்தி ஸ்தாபனங்களும், 2000-இல் லண்டனுக்கு ஒன்றும் அமைந்தன. அவற்றை மேற்பார்க்க ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படும் சபைகள் பின்னர் அமையும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2004-இல் வடகிழக்குப் பிரதேசத்து வாக்காளர் அத்தகைய சபை வேண்டாமென மிகப் பெரும்பான்மையாக மறுத்தனர். ஆகவே லண்டனுக்கு வெளியே மந்திரிகள் நியமித்த அங்கத்தினரே தொடர்ந்து நடத்தினர். 2010-இல் மந்திரிசபை மாறிற்று. 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு ஸ்தாபனங்கள் ஒன்பதும் கலைக்கப்பட்டன. தலைநகரம் தந்ததைத் தலைநகரமே எடுத்துக்கொண்டது. மாறாக, ஸ்காத்லாந்தின் மலைநாட்டிற்கும் தீவுகளுக்கும் 1965-இல் ஏற்பட்டு, அப்பிரதேசத்து இன்வர்னஸ் நகரிலேயே நிலைகொண்ட ஸ்தாபனம், 1991-இல் பெயரும் உருவும் மாறியும் இன்றளவும் நிலவுகின்றது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். பிரதேசத்தார் கையில் அதிகாரத்தைத் தந்தால் அங்குள்ள பெருநிலக்காரரும் கண்டிராக்டர்களுமே அதனைக் கைப்பற்றுவர். ஆதலின் தொலைவிலுள்ள நடுநிலையாளரே தக்கவர் என்பர் சிலர். இவ்வாட்சேபம் வெறும் வாதமன்று; ஸெல்ஸ்னிக் எடுத்துக் காட்டியதும் இதனையே. ஆயினும் இதற்கு மருந்து அதிகாரத்தைத் தொலைவில் வைப்பதன்று. அருகில் வைத்து, எல்லோரும் காண வெளிச்சத்தில் வைப்பது. நிர்வாக சபையில் உழுபவர்க்கும் தொழிலாளர்க்கும் நிலமிழந்தவர்க்கும் இடமளித்து, வரவு செலவை அப்பிரதேசத்தின் பாஷையிலேயே ஆண்டுதோறும் வெளியிட்டு, இடம்பெயர்ப்பதற்கு முன்னரே மாற்று நிலம் அளிப்பதென்று சட்டத்திலேயே விதித்தல் வேண்டும். தொலைவிலுள்ளவன் நடுநிலையாளனாயிருத்தல் கூடும். ஆனால் தன் பிழையின் பயனை அவன் அநுபவிப்பதில்லை.

எனவே நாம் துணிவது இது: பிரதேச அபிவிருத்தி ஸ்தாபனம் செல்வ வளர்ச்சிக்கு வலிய கருவியே, ஆனால் அப்பிரதேசத்தில் உறைந்து, அப்பிரதேசத்தின் குறை முழுவதையும் நோக்கும் அதிகாரம் பெற்று, அப்பிரதேசத்தார்க்கே கணக்குக் கொடுக்கும் அளவிற்குத்தான் அது வலியது. இவை இல்லையாயின் அணைகள் எழும், மின்சாரம் விளையும். பிரதேசமோ முன்போலவே பிறர் வாசலில் நிற்கும்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் சிலர் இத்தகைய ஸ்தாபனங்களில் உத்தியோகம் வகிக்கக்கூடும்; முன்னரே வகிக்கும் பழைய மாணவரும் இப்பக்கங்களைப் படிக்கக்கூடும். அவர்கள் மேசைமேல் ஒருநாள் ஒரு நிலப்படம் விரிக்கப்படும். நீர் நிற்கவேண்டிய இடம் அதில் நீலமாகத் தீட்டப்பட்டிருக்கும். அந்நீலத்தின் அடியில் எத்தனை வீடுகள் உள்ளன, அவ்வீட்டார்க்கு இச்செய்தி தெரியுமா, அவர்களுக்கு விடைகூற யார் போவது என்று கேட்க நா எழுமாயின், நாம் கற்ற கல்வி நாட்டிற்குப் பயன்பட்டதாகும்.