வீட்டுக்கு வரும் பைப்பில் காரீயமா? ஒரு நாணயமும் காந்தமும் இருந்தா செக் பண்ணிடலாம்!

'பிளம்பர்' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? 'பிளம்பம்' என்ற லத்தீன் சொல்லில் இருந்து. அதற்கு அர்த்தம், காரீயம். ரோமானியர்கள் காலத்திலேயே அதில் தண்ணீர்க் குழாய் செய்தார்கள். ஈஸியா வளையும், ரொம்ப வருஷம் உழைக்கும். ஒரே ஒரு சிக்கல்... அது விஷம்!

அந்தக் குழாய்களோடுதான் இன்று அமெரிக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. படிக்கவோ, வேலைக்கோ உங்க ஃப்ரெண்டு, அக்கா, அண்ணன் யாராவது அங்கே போயிருந்தால் இதை அவங்களுக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க.

ஃபிளின்ட் சொல்லும் பாடம்

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. விளைவு, குழாயிலிருந்த காரீயம் தண்ணீரில் இறங்கியது. குழந்தைகளின் ரத்தத்தில் அதன் அளவு எகிறியது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல பாதுகாப்பான அளவே கிடையாது.

யார் காசு கொடுப்பது?

சிகாகோவில் 1986-ல் தடை வரும் வரை, வீட்டு இணைப்புக்குக் காரீயக் குழாய்தான் போடவேண்டும் என்பதே விதி! இன்று அங்கே சுமார் 4 லட்சம் இணைப்புகள் அப்படி இருக்கின்றன. பெரும்பாலான ஊர்கள் 10 ஆண்டுகளில் இவற்றை மாற்றவேண்டும் என 2024 அக்டோபரில் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது.

ஆனால், தெருவிலிருக்கும் பகுதி நகராட்சிக்கு, வீட்டுப் பக்கம் இருப்பது ஓனருக்கு என்பதுதான் பல ஊர்களில் வழக்கம். ஓனர் செலவு செய்யத் தயங்குவார். வாடகைக்கு இருப்பவரால் ஒண்ணும் பண்ண முடியாது. பாதியை மட்டும் மாற்றினால், குழாய் அதிர்ந்து சில காலம் காரீயம் கூடவும் செய்யலாம்.

நியூவார்க் நகரம் இதற்கு வழி காட்டியது. ஓனரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் வேலை செய்ய உள்ளூர்ச் சட்டம் போட்டு, இலவசமாகவே மாற்றிக்கொடுத்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் சுமார் 23,000 குழாய்கள் மாறின. ஆக, தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை, காசும் மனசும்தான்.

நீங்களே செக் பண்ணலாம்

தண்ணீர் மீட்டருக்கு வரும் குழாயைக் கண்டுபிடியுங்க. நாணயத்தின் விளிம்பால் லேசா சுரண்டுங்க.

* வெள்ளி மாதிரி பளபளத்து, மெதுவா இருந்து, காந்தம் ஒட்டலைன்னா காரீயம்.

* காந்தம் ஒட்டினா இரும்பு.

* செம்பு நிறம் தெரிந்தால் காப்பர்.

காரீயம்தான் எனத் தெரிந்தால், தண்ணீரை லேபில் டெஸ்ட் பண்ணுங்க. காய்ச்சினால் சரியாகிடும்னு நினைக்காதீங்க. தண்ணீர்தான் ஆவியாகும், காரீயம் அப்படியே இருக்கும். குடிக்க, சமைக்க, முக்கியமா குழந்தைக்குப் பால் கலக்க குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்தே பிடிங்க. காரீயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டரைப் பயன்படுத்துங்க.

நம்ம ஊரில்?

இங்கே காரணம் வேறு. பி.வி.சி பைப் தயாரிப்பில் காரீயச் சேர்மங்கள் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அதை ஒழிக்க மத்திய அரசு 2021-ல் விதிகளை அறிவித்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதனால், வீடு கட்டும்போதோ, பைப் மாற்றும்போதோ ஐ.எஸ்.ஐ முத்திரையோடு 'காரீயம் சேர்க்காதது' என்ற குறிப்பும் இருக்கான்னு கடையில் கேட்டு வாங்குங்க.

காரீயத்துக்கு நிறமில்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கேன்னு நம்பிவிடாமல், அது வரும் வழியையும் ஒருமுறை பார்த்துடுங்க!