கொசுக்கடிக்கு எது மருந்து?

கொசு கடித்த இடம் அரிக்கிறது என்று உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். பாட்டி சுண்ணாம்பு தடவச் சொல்வார். அம்மா உப்பு நீர் என்பார். அண்ணன் பற்பசையை நீட்டுவார். பக்கத்து வீட்டு மாமா, கரண்டியைச் சூடாக்கி ஒற்றி எடுக்கச் சொல்வார். வைத்தியம் வெவ்வேறானாலும் எல்லோரும் கூறும் சான்று ஒன்றுதான்: "எனக்கு உடனே கேட்டது!"

இந்தச் சான்றை அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. இரத்தம் உறையாமலிருக்க அது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்களை நம் உடல் அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கிறது. அப்போது வெளிப்படும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. தோல் தடிக்கிறது, அரிப்பு எடுக்கிறது. முதலில் எழும் தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பிறகு சிவந்த புடைப்பு தோன்றினாலும் அதுவும் சில நாள்களில் தானே மறையும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தானாக அடங்கப்போகும் அரிப்பின்மீது எதைத் தடவினாலும், அதுவே அரிப்பை அடக்கியதாகத் தோன்றும் அல்லவா? சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்று சொல்வதைப் போன்றது இது!

அப்படியானால் கைவைத்தியம் எல்லாமே வீணா? இல்லை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைத்தால் அரிப்பு குறைகிறது. 1 கிராம் பனிக்கட்டி உருகும்போது சுமார் 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 0 டிகிரியிலுள்ள 1 கிராம் நீர் 30 டிகிரிக்குச் சூடாகும்போது ஏற்பதோ சுமார் 126 ஜூல்தான். பனிக்கட்டி தோலை நன்கு குளிர்விப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பற்பசையில் உள்ள மென்தால் வேலை செய்யும் விதம் வேறு. குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலை அது நேரே தூண்டுகிறது. தோல் குளிராமலே குளிர்வதாக மூளை எண்ணுகிறது! வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாயில்களைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் பற்பசை பல்லுக்கானது. சிலருக்கு அது தோலில் எரிச்சலை உண்டாக்கும்.

சூடான கரண்டி? அளவான வெப்பம் அரிப்பைக் குறைக்கும் என்பது உண்மை. இதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் சுமார் 51 டிகிரி வெப்பத்தைச் சில வினாடிகள் மட்டுமே தருகின்றன. கரண்டியின் வெப்பத்தை அளந்து சொல்பவர் யார்? 60 டிகிரி வெந்நீரே சில வினாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். சுண்ணாம்போ வலுவான காரம். தம்பி, தங்கையின் மென்மையான தோலில் இவ்விரண்டையும் சோதிக்கவே வேண்டாம்.

தீங்கற்றவற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் கையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடிபட்ட இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிண்ணத்தில் உப்பு நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் எடுத்து வைக்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எது எதில் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. எந்தக் கடிக்கு எந்தக் கிண்ணம் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அரை மணி நேரம் குறித்து வாருங்கள். ஒரு முறை செய்தால் போதாது. பல கடிகளில் செய்ய வேண்டும். அதற்காகக் கொசுவிடம் கையை நீட்டிவிடாதீர்கள்! டெங்குவும் மலேரியாவும் கொசுவால்தான் பரவுகின்றன. காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தை விட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். நகத்தால் சொறிந்தால் தோல் கிழிந்து கிருமி புகும் என்பதையும் மறவாதீர்கள்.

பாட்டி சொன்னது என்பதற்காக ஒன்றை நம்புவதும் அறிவியல் அன்று. பாட்டி சொன்னது என்பதற்காகவே தள்ளுவதும் அறிவியல் அன்று. "மருந்து தடவாத கடி என்ன ஆயிற்று?" என்று கேட்கப் பழகுங்கள். நாளை பெரிய பெரிய மருந்து விளம்பரங்களைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி உங்களுக்குத் துணை நிற்கும்.