ஆண்டறிக்கையில் இடம்பெறாத தாராவி

மும்பைத் தமிழமைப்பு ஒன்றின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவருக்கு, அதைத் திறப்பதற்கு முன்பே உள்ளடக்கம் தெரிந்துவிடும். பொங்கல் விழா, திருவள்ளுவர் நாள், ஒரு பட்டிமன்றம், சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசு, கடைசிப் பக்கத்தில் வரவுசெலவுக் கணக்கு. இவற்றில் எதுவும் இழிவானதன்று. ஆனால் நூறாண்டுக்கு மேலாக இந்நகரில் வாழும் ஒரு சமூகம், தன் சொந்த வரலாற்றுக்காக அவ்வாண்டில் என்ன செய்தது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. மேடையில் சங்ககாலம் உண்டு, சோழரின் கடற்படை உண்டு. தாராவியின் 90 அடிச் சாலை இல்லை.

ஒரு சிறிய குழு ஓராண்டில் என்ன செய்ய இயலும் என்று ஐயுறுவோர் மதுரையைப் பார்க்கலாம். யானைமலையைச் சிற்பநகரமாக்கும் முயற்சிக்கு எதிர்ப்பு எழுந்த சூழலில், 2010இல், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் முன்னெடுப்பில் பசுமைநடை தொடங்கியது. அதன் செயல்முறையில் மாயம் ஏதுமில்லை. ஞாயிறு காலையில் ஒரு குன்றுக்கு நடந்து செல்வர். சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியலறிஞர் தமிழிக் கல்வெட்டின் முன்னே நின்று அதைப் படித்துக் காட்டுவார். அவ்வூர் மக்களும் உடன் நின்று கேட்பர். இதையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தனர். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நிலப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது, அவ்வூரார் சமணர் படுக்கையையும் குடைவரைக் கோயிலையும் தங்கள் வாதங்களாக எடுத்து வைத்தனர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. ரத்துக்குக் காரணம் மக்கள் போராட்டமே. நடைகள் மட்டும் அதைச் சாதித்தன என்பது மிகை. எனினும் தம் மலையில் என்ன இருக்கிறது என்று அறிந்த மக்களிடம் பேசுவதற்குப் பொருள் இருந்தது.

தாராவி மக்களிடமும் இன்று பேசுவதற்குப் பொருள் வேண்டும். 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. பின்னும் தாமதித்து வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் வெளியே வாடகைக் குடியிருப்பு. ஆக, ஒரு குடும்பம் எப்போது வந்தது என்பது இங்கே வரலாற்றாசிரியரின் ஆர்வத்துக்குரிய வினா மட்டுமன்று. அதிலேதான் வீடு இருக்கிறது.

தாராவித் தமிழரின் கதை தமிழ்நாட்டுக்கு எந்த வடிவில் சென்று சேர்ந்தது? 1987இல் 'நாயகன்', 2018இல் 'காலா'. வரதராஜ முதலியாரைப் பற்றிக் கேட்டால் பள்ளிச் சிறுவனும் சொல்வான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கிய ஆதிதிராவிடரையும் முஸ்லிம்களையும் பற்றிக் கேட்டால் முனைவரும் தயங்குவார். 1887இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் படீ மசூதியும், 1913ஆம் ஆண்டுக்குரியதாகக் கூறப்படும் பிள்ளையார் கோயிலும் அப்பகுதியின் நடுவே நிற்கின்றன. அவற்றில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகைகளைப் படியெடுத்து, பெயருக்குப் பின்னுள்ள ஊரையும் தொழிலையும் அட்டவணைப்படுத்துவது இரண்டு மாணவர்கள் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. கல்வெட்டு என்றால் ஆயிரம் ஆண்டுப் பழமை வேண்டும் என்று யார் விதித்தார்?

மாட்டுங்காவுக்கு வரலாறு உண்டு, தாராவிக்குச் செய்தி மட்டுமே உண்டு என்ற எண்ணமும் இங்கே கேள்விக்குரியது. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை மனை பிரித்து, வரைபடம் தீட்டி, குத்தகைப் பத்திரம் எழுதியது. அதனால் தாதர்-மாட்டுங்காவின் அடுக்ககங்களில் குடியேறிய தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தைப் பற்றி நிகில் ராவ் 2013இல் ஒரு முழு நூலே எழுத முடிந்தது. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகத்துக்கும், 1963இல் திறந்த சண்முகானந்த அரங்கத்துக்கும் மலர்கள் உண்டு, ஒளிப்படங்கள் உண்டு. ஒரு கிலோமீட்டர் வடமேற்கே அரசே ஒரு தாளையும் எழுதித் தரவில்லை. தாள் இல்லாத மக்களுக்கு வரலாறு இல்லை என்று முடிவு கட்டுவது ஆவணக்காப்பகத்தின் சோம்பல். அதை ஆய்வு என்று அழைக்கலாகாது.

ஆய்வாளர்களும் தப்ப முடியாது. உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட குடிசைப்பகுதிகளுள் தாராவி ஒன்று. நகரமைப்பு, மானுடவியல், பொதுநலம், கட்டடக்கலை எனத் துறைதோறும் ஆய்வேடுகள் குவிந்துள்ளன. ஏறத்தாழ அனைத்தும் ஆங்கிலத்தில். நேர்காணல் கொடுத்த மூதாட்டியின் கைக்கு அவர் பேச்சின் ஒலிப்பதிவு திரும்பியதா, எழுத்துப்படி அத்தெருவின் படிப்பகத்திலாவது வைக்கப்பட்டதா என்று எந்த வாய்மொழித் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. மொழியியல் துறைகளின் நிலை இன்னும் வியப்புக்குரியது. நெல்லை வழக்கு மராத்தியோடும் பம்பாய் இந்தியோடும் தலைமுறைகளாக உராய்ந்து வளர்ந்த பேச்சு இது. கோலி, சால், நாக்கா, கல்லி ஆகிய சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்று இயல்பாகப் புழங்குகின்றன. அதைக் 'கலப்படம்' என்று மேடையில் நகைப்பவர், அதே மாலையில் மொழிக்காப்புத் தீர்மானமும் நிறைவேற்றுவார்.

இங்கே எழும் தடை ஒன்று உண்மையிலேயே கடுமையானது. தகுதித் தேதி தலைக்குமேல் தொங்கும்போது, 'நீங்கள் எந்த ஆண்டு வந்தீர்கள்?' என்று கேட்டுப் பதிவு செய்வது ஆபத்தாகாதா? ஆகும். 2003இல் வந்தேன் என்று நம்பிக்கையோடு சொன்ன ஒருவரின் சொல், தவறான கைக்குப் போனால் அவருக்கே எதிராகும். ஆகவே, பெயரும் வீட்டெண்ணும் வருகையாண்டும் ஒரே ஏட்டில் சேரக் கூடாது. பதிவு பல்கலைக்கழகத்தின் வழங்கியில் கிடக்காமல் தெருவின் பொறுப்பில் இருக்க வேண்டும். விரும்பும்போது அழிக்கும் உரிமை பேசியவருக்கே வேண்டும். இந்த ஆபத்தைக் காரணம் காட்டிப் பதிவே வேண்டாம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எண்ணும் வேலையை மக்கள் விட்டுவிட்டால் அது நின்றுவிடாது. அதிகாரம் மட்டுமே அதைச் செய்யும்.

இதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. செம்பூரை அடுத்த ஜனதா காலனியிலிருந்து சுமார் 70,000 பேர் 1976இல், நெருக்கடி நிலையின்போது, அணு ஆராய்ச்சி மையத்துக்காக வெளியேற்றப்பட்டுச் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் தமிழர் கணிசம். எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000இல் மகசேசே விருது பெற்றவர். இடம்பெயர்வுக்கு எதிராகக் குடிசைவாசிகள் தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் முறையை அவர் ஒரு படைக்கலமாக்கினார். 1985இல் 'ஸ்பார்க்' அமைப்பு வெளியிட்ட 'வீ, தி இன்விசிபிள்' என்ற நடைபாதைவாசிகள் கணக்கெடுப்பும் அதே காலத்தின் விளைச்சல். வெளியேற்றத்தின் ஐம்பதாம் ஆண்டு 2026. அதைக் கண்ணால் கண்டவர்களுள் அன்று இருபது வயதினராயிருந்தோர்க்கு எழுபதாகிறது. இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கணிதத்துறை தேவையில்லை.

ஓர் ஆண்டுக்கான வேலையைக் கற்பனை செய்வதும் கடினமன்று. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், அவை கழிவுத்தாளாகுமுன், தலைமையாசிரியரின் இசைவோடு படம் எடுக்கப்படலாம். பிறந்த ஊரும் தந்தையின் தொழிலும் அவற்றில் உண்டு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் அமர்ந்து திருமண அழைப்பிதழ்களையும் சீட்டுக் கணக்கேடுகளையும் திரட்டலாம். 1966க்குப் பின் தென்னிந்தியருக்கு எதிராகச் சிவசேனை நடத்திய இயக்கத்தையும், 1992-93 கலவரத்தையும் நேரில் கண்டோரின் சொற்களைப் பதிவு செய்யலாம். மாதம் ஒரு நடை, கும்பர்வாடாவின் குஜராத்திக் குயவரையும் கோலிவாடாவின் பூர்வகுடிகளையும் சேர்த்துக்கொண்டு. தமிழர் தனித்து எழுதும் தாராவி வரலாறு பாதியே. ஒரு பொன்னாடை விழாவின் செலவு இவ்வனைத்துக்கும் போதும். முதல் மாதத்துக்கு வேண்டியவை ஒரு கைப்பேசி, ஒரு குறிப்பேடு, தமிழும் மராத்தியும் எழுதத் தெரிந்த இருவர்.